பசலையும் பழஞ்சோறும்
(உளச்சோர்வு, குருதிநலம், குடல்வாழ் நுண்ணுயிர்கள் பற்றிய ஓர் ஆய்வு நோக்கு)

அகப்பாடல்களைக் கற்பிக்கும் வகுப்பில் ஆண்டுதோறும் தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. பசலை என்பது மேனியில் மெய்யாகவே தோன்றும் நிறமாற்றமா, அன்றிப் புலவர்தம் புனைவா என்பதே அவ்வினா. தலைவன் பிரிந்தவழித் தலைவியின் மேனி ஒளிகுன்றி வெளிறுகிறது; உணவு கசக்கிறது; உறக்கம் விலகுகிறது; தோள் மெலிந்து வளை கழல்கிறது. "இது புலனெறி வழக்கம், இதனுள் மருத்துவம் தேட வேண்டா" என விடையிறுத்து அடுத்த பாடலுக்குச் செல்வதே எம் வழக்கமாக இருந்தது. அவ்விடை போதாது என்று எமக்கு உணர்த்தியவர் எம்மிடம் பயின்ற மாணவி ஒருவர்.

சோழவந்தானை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர் அவர். நெல்வயலும் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ்ந்த வைகைக் கரைப் பகுதி அது. முதலாண்டில் எவ்வினாவுக்கும் முந்தி எழுந்து விடை கூறியவர், இரண்டாம் ஆண்டில் பேச்சொழிந்தார். கடைசி வரிசைக்குப் பெயர்ந்தார். மாடிப்படி ஏறுகையில் இடைவழியில் நின்று மூச்சு வாங்கினார். முதற் பேருந்தைப் பிடிக்கும் விரைவில் காலை உணவை ஒழித்துவிடுகிறார் என்பதும், நண்பகலில் கொண்டுவந்த சோற்றையும் பாதி கொட்டிவிடுகிறார் என்பதும் பின்னரே எமக்குத் தெரியவந்தன. தேர்வுத்தாளை வெறுமையாகத் தந்தபோது யாம் கடிந்துகொண்டோம். 'சோம்பல்' என்னும் சொல்லைப் பலர் கேட்கப் பயன்படுத்தினோம். அச்சொல்லை இன்றுவரை எம்மால் திரும்பப் பெற இயலவில்லை.

விலங்கியல் துறைப் பேராசிரியை ஒருவரே அவரை அழைத்துக் கீழிமையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, "சார், இந்தப் பிள்ளைக்கு உடம்பில் ரத்தமே இல்லை, முதலில் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்" என்றார். ஹீமோகுளோபின் 7.4 கிராம் என்று வந்தது. மகளிர்க்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வைட்டமின் பி12 அளவும் மிகத் தாழ்ந்திருந்தது. மதுரையில் உளநல மருத்துவர் ஒருவர் நெடுநேரம் பேசிப் பார்த்து, இது வெறும் களைப்பன்று, உளச்சோர்வு நோயும் உடன் உள்ளது என்றார். குருதி வெளிறியதால் மனம் சோர்ந்ததா, மனம் சோர்ந்து உணவை வெறுத்ததால் குருதி வெளிறியதா என வினவினோம். "எது முந்தியது என்று இப்போது பிரிக்க முடியாது, இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்" என்பதே அவர் தந்த விடை.

அவ்விடையின் பொருளைத் தேடிச் சென்ற வழியில் யாம் கற்றவற்றை இம்மலரின் வாயிலாக மாணவர்முன்னும் பெரியோர்முன்னும் வைக்கின்றோம். யாம் மருத்துவர் அல்லேம். நுண்ணுயிரியல் கற்பிக்கும் நண்பர்கள் சொல்லித் தந்ததையும் யாம் படித்தறிந்ததையும் தமிழில் சொல்வதே இங்கு எம் பணி.

சாரமும் செந்நீரும்

சித்த மருத்துவம் உடற்றாதுக்களை ஏழாக வகுக்கும். அவற்றுள் முதலாவது சாரம், இரண்டாவது செந்நீர். உண்ட உணவு செரித்துச் சாரமாகும்; சாரமே செந்நீராகும் என்பது அதன் கொள்கை. ஆகவே குருதி குன்றினால் வயிற்றை நோக்குதல் சித்தர் மரபில் இயல்பாயிற்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைக் காண்போர், அதில் மருந்தைக் காட்டிலும் உண்ணும் முறையே மிகுதியாகப் பேசப்படுவதை அறிவர்.

துயரையும் வயிற்றோடு இணைத்துப் பார்த்தவர் கிரேக்கரும் அவர்வழி வந்த அரபு மருத்துவரும் ஆவர். தீராத் துயருக்குக் கிரேக்கர் இட்ட பெயர் 'மெலங்கோலியா'. கரும்பித்தம் என்பது அதன் பொருள். அச்சொல் அரபியில் 'மாலிகூலியா' ஆயிற்று. இன்றைய துனிசியாவிலுள்ள கைரவான் நகரில் மருத்துவம் புரிந்த இஸ்ஹாக் இப்னு இம்ரான் இந்நோய்க்கெனத் தனி நூலே இயற்றினார். இப்னு சீனாவும் தம் பெருநூலில் இதனை விரித்துரைத்தார். வயிற்றில் தோன்றி மேலெழுந்து அறிவையும் நெஞ்சையும் பற்றும் ஒருவகைத் துயரை அவர்கள் தனியே பிரித்தனர். யூனானி மருத்துவத்தில் அது 'மாலிகூலியா மராக்கி' என இன்றும் வழங்குகிறது. கரும்பித்தம் என ஒரு நீர் உடலில் இல்லை என்பது பின்வந்த அறிவியலால் தெளிவாயிற்று. ஆயினும் துயருற்றவரின் வயிற்றையும் ஆராய வேண்டும் என்ற அவர்தம் நோக்கு வீண்போகவில்லை என்பதை இனி வருவன காட்டும்.

வேலூர் தந்த விளக்கம்

குருதியில் சிவப்பணுக்கள் முறையாக முதிர்வதற்கு இரும்பு, ஃபோலேட், வைட்டமின் பி12 ஆகியவை வேண்டும். இவற்றுள் பி12 வியப்புக்குரியது. செடி கொடிகள் அதனைச் செய்வதில்லை, ஆடுமாடுகளும் தம் உடலாற் செய்வதில்லை, மனிதனும் செய்வதில்லை. உலகிலுள்ள பி12 அனைத்தும் நுண்ணுயிர்களின் ஆக்கமே. ஆட்டின் ஈரலில் அது இருப்பதும், பசுவின் பாலில் சிறிது இருப்பதும், அவ்விலங்குகளின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் செய்து தந்ததால்தான். கொடிய சோகை ஒன்றினால் மாண்டுகொண்டிருந்தோரை ஈரலை உண்ணச் செய்து மைனாட்டும் மர்ஃபியும் பிழைப்பித்தது 1926-இல். அவ்வீரலில் இருந்த பொருள் இன்னதெனப் பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல்.

மனிதர் பெருங்குடலிலும் பி12 செய்யும் நுண்ணுயிர்கள் உள்ளன. ஆனால் உடல் அதனை உறிஞ்சுமிடம் சிறுகுடலின் கடைப்பகுதி. பெருங்குடலோ அதற்கும் அப்பால் உள்ளது. மடைக்குக் கீழே பெய்த மழை மேல்வயலுக்கு உதவாதது போன்ற நிலை இது. இங்குதான் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு முன்வருகிறது. தென்னிந்தியரில் நலமுள்ளோர் சிலரின் சிறுகுடலிலேயே பி12 செய்யும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பதை அக்கல்லூரியின் ஆல்பர்ட், மத்தான், பேக்கர் ஆகியோர் கண்டு 1980-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஊன் உணவு மிகக் குறைவாக உண்போரும் எவ்வாறு ஓரளவேனும் தாங்குகின்றனர் என்னும் புதிருக்கு அது ஒரு விடைக்கீற்று. அவ்வளவு மட்டுமே எல்லார்க்கும் போதும் என்று கொள்ளலாகாது. பற்றாக்குறை நம் நாட்டில் இன்றும் பரவலாகவே உள்ளது.

அதே வேலூரிலிருந்து 1962-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த மற்றொரு கட்டுரையை எண்ணும்போதெல்லாம் எம் நெஞ்சு கனக்கிறது. பி12 குறைந்த தாயரின் பாலையே உண்டு வளர்ந்த குழந்தைகள் சிலரைப் பற்றியது அது. எதிலும் நாட்டமின்றி, முன்னர்க் கற்ற அசைவுகளையும் இழந்து, தோல் கருத்துக் கிடந்த அம்மக்கள், பி12 தரப்பட்டதும் தேறினர். குருதிக்கு உரியதென எண்ணப்பட்ட ஒரு சத்து, குழந்தையின் ஊக்கத்திற்கும் உரியதாக இருந்தது. பெரியவர்களிடத்தும் இப்பற்றாக்குறை மறதியாகவும், எரிச்சலாகவும், உளச்சோர்வாகவும் வெளிப்படலாம் என்பதை இன்றைய மருத்துவர் நன்கறிவர். சோகை தோன்றுமுன்னரே மனக்குறி தோன்றுதலும் உண்டு.

ஃபோலேட்டின் வரலாற்றிலும் நம் நாட்டுக்குப் பங்குண்டு. இலூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1928 முதல் பம்பாயில் ஏழைக் கருவுற்ற மகளிரின் சோகையை ஆராய்ந்தார். நம் குன்னூர் ஆய்வகத்திலும் பணிபுரிந்தார். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் சாறு அச்சோகையைத் தீர்ப்பதை அவர் 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருளே பின்னர் ஃபோலேட் எனப் பெயர் பெற்றது. ஃபோலேட்டும் பி12-உம் மூளையில் உணர்வுகளைத் தாங்கிச் செல்லும் வேதிப்பொருள்கள் உருவாவதற்குத் துணைபுரிவன. இரும்போ, டோபமின், செரோட்டோனின் ஆகியவற்றைச் செய்யும் நொதிகள் இயங்குவதற்கே வேண்டப்படுவது. ஆகவே குருதிக்கு வேண்டிய மூன்றும் மனத்துக்கும் வேண்டியனவாக அமைந்துள்ளன.

2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள மகளிரில் நூற்றுக்கு 53.4 பேர் சோகை உடையோர். எம் வகுப்பில் ஐம்பது மாணவியர் அமர்ந்திருந்தால் அவருள் எத்தனை பேர் என்று நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். அவர் எல்லாரும் உளச்சோர்வு உடையோர் அல்லர். ஆயின் சோர்ந்த ஒருவரை 'அக்கறையற்றவர்' என ஆசிரியர் முடிவு கட்டுமுன் இவ்வெண்ணை நினைத்தல் நன்று.

மெச்னிகாவின் தயிர்

குடல்வாழ் நுண்ணுயிர்களில் நன்மை செய்வனவும் உண்டு என்று உலகறிய முழங்கியவர் உருசிய நாட்டில் பிறந்து பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணிபுரிந்த இலியா மெச்னிகாவ். வாழ்நாளை நீட்டிப்பது பற்றி 1907-இல் வெளியான தம் நூலில், புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் குடலைக் காக்கும் என்று அவர் எழுதினார். மறு ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அது வேறொரு கண்டுபிடிப்புக்காக. குருதியின் வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன என்று காட்டியதே அது.

இப்பேரறிஞரின் வாழ்வில் பலர் அறியாத பகுதி ஒன்றுண்டு. இளமையில் அவர் கொடிய உளச்சோர்வுக்கு ஆளானவர். 1873-இல் முதல் மனைவி காசநோயால் மறைந்தபோதும், பின்னர் மற்றொரு முறையும் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவர். அவ்வாறு பிழைத்தவரே பிற்காலத்தில் தயிரையும் நெடிய வாழ்வையும் பற்றி எழுதினார். அவர் மீண்டமைக்குத் தயிர் காரணமன்று. தயிரைப் பற்றி அவர் எண்ணத் தொடங்கியது நெடுங்காலம் கழித்தே. இதை இங்குச் சொல்லக் காரணம், உளச்சோர்வு அறிவிலிகளுக்கும் மனவலிமை அற்றோர்க்கும் மட்டுமே வருவது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி இருப்பதுதான்.

மெச்னிகாவ் காட்டிய வகை நுண்ணுயிர்களுக்கு இன்று 'புரோபயாடிக்' என்று பெயர். போதிய அளவில் உட்கொண்டால் உண்பவர்க்கு நலம் பயக்கும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பது 2001-இல் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு தந்த வரையறையின் சாரம். 'உயிருள்ள', 'போதிய அளவில்' என்னும் இரு அடைகளும் இன்றியமையாதவை. விளம்பரங்களில் முதலில் மறைவன இவையே.

காஷான் நகரத்து ஆய்வு

உளச்சோர்வு உடையோர்க்கு இந்நுண்ணுயிர்களைத் தந்து, அவர்தம் குருதியில் என்ன நிகழ்கிறது எனச் சோதித்த ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது ஈரான் நாட்டின் காஷான் நகரில் நடைபெற்று 2016-இல் வெளிவந்ததாகும். உளச்சோர்வு நோயாளர் 40 பேர் இரு பிரிவாயினர். ஒரு பிரிவுக்கு மூவகை நுண்ணுயிர்கள் அடங்கிய குளிகை. மறு பிரிவுக்கு அதைப்போன்றே தோன்றும் வெற்றுக் குளிகை. எவருக்கு எது தரப்படுகிறது என்பதை நோயாளரும் அறியார்; தந்தோரும் அறியார். எட்டு வாரம் கழிந்தபின் சோர்வின் அளவை மதிப்பெண்ணாக இட்டுப் பார்த்தனர். நுண்ணுயிர் உண்டோரிடம் 5.7 புள்ளியும், வெற்றுக் குளிகை உண்டோரிடம் 1.5 புள்ளியும் குறைந்திருந்தன.

குருதியிலும் மாற்றம் காணப்பட்டது. இன்சுலின் அளவு தாழ்ந்தது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் குறைந்தது. செல்களைக் காக்கும் குளுட்டாதயோன் உயர்ந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையிலும் கொழுப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஒன்று குறைந்தது, ஒன்று கூடியது, ஒன்று மாறவில்லை என ஆய்வாளர் உள்ளதை உள்ளவாறே எழுதியிருப்பது எமக்கு நம்பிக்கை அளித்தது.

அழற்சி என்னும் சொல்லை இங்குச் சற்று நின்று நோக்கலாம். அழல் என்பதன் வழிப் பிறந்தது அது. காயம் பட்ட இடம் சிவந்து சூடேறுவது எல்லாரும் அறிந்த அழற்சி. வெளியே தெரியாமல் உடல் முழுவதும் மெல்லக் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியும் உண்டு. உமியில் இட்ட நெருப்பை ஒத்தது அது. உளச்சோர்வு உடையோர் எல்லாரிடமும் இல்லையெனினும் அவருள் ஒரு பகுதியினரின் குருதியில் அதன் அடையாளங்கள் மிகுந்துள்ளன எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இவ்வழற்சிக்கும் சோகைக்கும் தொடர்புண்டு. அழற்சி நீடித்தால், கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் பொருள் மிகுந்து, உணவிலுள்ள இரும்பு குருதியில் சேராதவாறு குடலின் வாயிலை அடைத்துவிடும். இரும்பு மாத்திரை தின்றும் சிலருக்குக் குருதி ஊறாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

குடலிலிருந்து மூளைக்குச் செய்தி செல்லும் வழிகள் பல. வேகசு என்னும் நரம்பு ஒரு வழி. குருதி மற்றொரு வழி. உடலிலுள்ள செரோட்டோனினில் பெரும்பகுதி குடலிலேயே உருவாவதால், குடல் மகிழ்ந்தால் மனம் மகிழும் என்று எழுதுவோர் மிகுந்துவிட்டனர். குடலில் உருவாகும் செரோட்டோனின் குருதித் தட்டணுக்களில் ஏறி உடலெங்கும் உலவுமேயன்றி, மூளைக்குள் நுழையாது. மூளைக்குள் நுழைய வல்லது அதன் மூலப்பொருளாகிய டிரிப்டோபேன். அழற்சி மிகுந்தால் டிரிப்டோபேன் வேறு வழியில் திரும்பிக் கைனூரெனின் எனும் பொருளாக மாறிவிடும். டெஹ்ரானில் 110 நோயாளருடன் தொடங்கி 2019-இல் வெளிவந்த ஆய்வு இதனையே அளந்தது. இருவகை நுண்ணுயிர்களை எட்டு வாரம் உண்டோரிடம் சோர்வும் குறைந்தது. டிரிப்டோபேனை நோக்கக் கைனூரெனினின் விகிதமும் தாழ்ந்தது.

இவ்வளவில் நிறுத்தினால் எம் கட்டுரை ஒருபாற் கோடியதாகும். அதே இருவகை நுண்ணுயிர்களை நியூசிலாந்தில் 79 பேருக்கு எட்டு வாரம் தந்து பார்த்து 2017-இல் வெளியிட்டனர். பயன் எதுவும் இல்லை. வெற்றுக் குளிகை உண்டோர்க்கும் இவர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஏன் இம்முரண்? அங்கு ஆய்வுக்கு வந்தோர் உளமருந்து எதுவும் உண்ணாதவர். டெஹ்ரானில் ஆயப்பட்டோர் மருந்து உண்டுகொண்டே நுண்ணுயிரையும் உண்டவர். இலண்டனில் 49 பேரைக் கொண்டு நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்விலும், மருந்து உண்டும் முற்றும் தேறாதோர்க்கே துணையாகத் தரப்பட்டது. அங்கும் ஓரளவு நற்பயன் தெரிந்தது. ஆகவே இந்நுண்ணுயிர்கள் மருந்துக்குத் துணையாகலாம், மருந்தின் இடத்தைப் பிடிக்கமாட்டா என்றே கருத இடமுண்டு. இவை யாவும் சிறு ஆய்வுகள். எட்டு வாரத்திற்கு அப்பால் நிகழ்வதை இவை சொல்லவில்லை.

பானையில் உள்ளது

நம் அடுக்களைக்கு வருவோம். இரவில் வடித்த சோறு ஆறியபின் மண்பானையில் நீரூற்றி வைத்தால், விடியற்காலையில் இலேசான புளிப்பேறிப் பழஞ்சோறாகிறது. வடித்தெடுத்த நீர் நீராகாரம். பாலைக் காய்ச்சி ஆற்றி உறைமோர் இட்டால் தயிர். இரண்டிலும் தொழில் புரிவன லாக்டிக் அமிலம் செய்யும் நுண்ணுயிர்கள். சோழவந்தான் வயல்களில் நடவுக்குச் செல்வோரின் தூக்குச்சட்டியில் இவை இரண்டும், உடன் சிறிய வெங்காயமும் இருந்த காலத்தை எம் தலைமுறையினர் கண்டிருக்கின்றோம். அவ்வெங்காயத்திலுள்ள நார்ப்பொருள் அந்நுண்ணுயிர்களுக்கே உணவாவது என்பதை இப்போது படித்தறிகின்றோம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல்நோயாளர்க்குப் பழஞ்சோறு எவ்வாறு பயன்படும் என்பதை அண்மை ஆண்டுகளில் ஆராயத் தொடங்கியதும் மகிழ்ச்சிக்குரியது.

ஆயினும் பெருமிதம் அறிவை மறைக்கலாகாது. பழஞ்சோற்றில் ஓரிரவில் இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகும் என்று மேடையில் ஒருவர் முழங்கக் கேட்டோம், கைதட்டலும் எழுந்தது. இரும்பு ஒரு தனிமம். நுண்ணுயிர் அதனைப் படைக்க இயலாது. பானையில் இரவு இருந்த இரும்பே காலையிலும் இருக்கும். அரிசியில் இரும்பைப் பற்றிக்கொண்டிருக்கும் ஃபைட்டிக் அமிலம் புளிப்பினால் சிதைவதால், இருக்கும் சிறிதளவு இரும்பு உடலில் சேர்வது எளிதாகலாம். அவ்வளவே. தீட்டிய அரிசியில் இரும்பு முதற்கண்ணே மிகக் குறைவு. 7.4 கிராம் ஹீமோகுளோபினை நீராகாரத்தால் மட்டும் உயர்த்த நினைப்பது வீண்.

வீட்டுத் தயிரும் ஆய்வுக் குளிகையும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வில் தரப்படும் நுண்ணுயிர் இன்ன வகை, இத்தனை கோடி என்று எண்ணி அடைக்கப்பட்டது. நம் உறைமோரில் எவை உள்ளன என்பது வீட்டுக்கு வீடு, பருவத்துக்குப் பருவம் வேறுபடும். அதனால் தயிர் தாழ்ந்ததன்று. நல்ல புரதமும் சிறிது பி12-உம் உடைய உணவு. அதனை உணவாகவே போற்றுவோம். முருங்கைக்கீரையை உண்ணும் வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்கு சேரும். உண்டு கைகழுவும் முன்னரே தேநீரைப் பருகினால் அது தடைப்படும். விடுதி மாணவர் இரண்டாவதை மறவாமல் செய்கின்றனர்.

வெறியாட்டும் மாத்திரையும்

மேற்சொன்ன எச்சரிக்கைகளை யாம் வற்புறுத்தக் காரணம் உண்டு. எம் ஊரில் வெற்றிலை வணிகம் புரிந்த பெரியவர் ஒருவர், மனைவி மறைந்தபின் கடைக்குப் போவதை விட்டார்; உண்பதை விட்டார்; பள்ளிவாசலுக்கும் வரவில்லை. மருத்துவம் பார்த்து ஆறு திங்களில் தேறிக் கடையில் அமர்ந்தார். அந்நாளில் யாரோ, 'மோரும் நீராகாரமும் இருக்க மாத்திரை எதற்கு' என்று சொல்லியிருக்கின்றனர். ஒருநாள் அவர் மகள் எம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அத்தா மாத்திரையை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு சார். எங்ககிட்ட சொல்லவே இல்லை. இப்ப மறுபடியும் சுவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க" என்றார். பெரியவர் மீண்டும் தேறுவதற்கு முன்னையினும் நெடுங்காலம் ஆயிற்று. உளச்சோர்வு மருந்தை நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் சொற்படியே நிகழ வேண்டும் என்பதை அவர் குடும்பம் பட்டே அறிந்தது.

சங்கத் தலைவியின் தாய் மகளின் மெலிவைக் கண்டு என்ன செய்தாள் என்பதை மாணவர் அறிவர். கட்டுவிச்சியை அழைத்தாள்; கழங்கு பார்த்தாள்; முருகன் அணங்கினான் எனக் கருதி வேலனைக் கொண்டு வெறியாட்டு எடுத்தாள். தோழியோ உண்மையை அறிந்தவளாய் உள்ளுக்குள் நகைத்தாள். நோயின் காரணம் ஓரிடத்தில் இருக்க, மருந்தை வேறிடத்தில் தேடும் அவலத்தை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே புலவர் கண்டு பாடினர். அப்பாடல்களை நடத்தி மதிப்பெண் இடும் நாம், நம் இல்லத்தில் ஒருவர் சோர்ந்தால் என்ன செய்கின்றோம்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றிச் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். அவர்களை அங்குக் கொண்டுவந்து விட்டோர் பகைவர் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தாருமே. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. இறைவனிடம் இறைஞ்சுதலை எவரும் கைவிட வேண்டுவதில்லை. இறைஞ்சிய கையோடு மருத்துவரையும் காண்க என்றே எம் சமுதாயப் பெரியோரை வேண்டுகின்றோம். மருத்துவரை நேரில் அணுகத் தயங்குவோர் 14416 என்னும் எண்ணில், 2022-இல் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' என்னும் அரசுச் சேவையில், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

எம் மாணவிக்கு முதலில் பி12 ஊசியும் இரும்பு மாத்திரையும் தரப்பட்டன. உளமருந்தும் உரையாடலும் உடன் நடந்தன. நான்கு திங்களில் ஹீமோகுளோபின் 11 கிராமைத் தாண்டியது. சிரிப்பு வருவதற்கு மேலும் சில திங்கள் ஆயின. அவருடைய பாட்டி நாள்தோறும் விடியலில் நீராகாரமும் மோரும் கலந்து ஒரு செம்பு தந்து, பேத்தி பேருந்து ஏறும் வரை உடன் நிற்பாராம். தம் நீராகாரமே பேத்தியைத் தேற்றியது என்று அம்மூதாட்டி இன்றும் ஊரெல்லாம் சொல்லிவருகிறார். யாம் மறுக்கவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு பேருந்து ஏறாமல் ஒருவர் பார்த்துக்கொண்டாரே, அதற்கு எந்த ஆய்வில் மதிப்பெண் இடுவது?

இவ்வாண்டும் பசலை பற்றிய அவ்வினா எழுந்தது. இம்முறை யாம் அடுத்த பாடலுக்குச் செல்லவில்லை. மணி அடிக்கும் வரை அதனையே பேசினோம். வகுப்பு கலைந்தபின் மாணவியர் இருவர் எம் மேசையருகே தயங்கி நின்றனர். இரத்தச் சோதனையை எங்கே செய்துகொள்ளலாம் என்று ஒருவர் கேட்டார். உண்டுவிட்டு வரலாமா, வெறும் வயிற்றோடு வரவேண்டுமா என்று மற்றவர் கேட்டார். ஹீமோகுளோபினுக்கு உண்டே வரலாம் என்றோம்.